டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: வேலூர் – சித்தூர் எல்லைப் பகுதி முன்னாள் படைவீரர்களுக்கான அப்பீல் வழிகாட்டி

கம்மவான்பேட்டை, காட்பாடி, குடியாத்தம், பரதராமி, எல்லைக்கு அப்பால் சித்தூர், பலமனேர், குப்பம் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகள் பலவற்றில் பீரோவுக்குள் ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். உங்கள் நோய் படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் மோசமானதும் அல்ல, எனவே டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய கடிதம் அது. வந்த அன்றே விஷயம் முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது முடிவு அல்ல. இரண்டு கட்ட அப்பீலும், அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. இந்த ஓய்வூதியம் சலுகையும் அல்ல, கெஞ்சி வாங்க வேண்டியதும் அல்ல. விதிப்படி சேர வேண்டியதைக் கேட்கிறீர்கள்.

இது தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்தவர்களுக்கான வழிகாட்டி. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்தவர்களுக்கு விதிகளே வேறு. அவர்கள் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

முதலில் அடிப்படைக் கணக்கு

இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். ஒன்று, உடல்குறைபாடு படைப்பணியால் ஏற்பட்டிருக்க வேண்டும் அல்லது படைப்பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். இந்த 'அல்லது' மிக முக்கியம். சர்க்கரை நோய் பட்டாளத்தால் வந்தது என்று காட்ட முடியாமல் போகலாம், பட்டாளத்து வேலையால் முற்றியது என்று காட்ட முடிந்தால் போதும். இரண்டாவது, மெடிக்கல் போர்டு அதை 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிட்டிருக்க வேண்டும்.

பணம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம் டிஸெபிலிட்டி எலிமென்டாகக் கிடைக்கும். குறைபாடு குறைவானால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். அடிப்படைச் சம்பளம், எம்.எஸ்.பி. (ராணுவச் சேவை ஊதியம்) எல்லாம் சேர்ந்து கடைசி ஊதியம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 13,500. 30 சதவீதத்துக்கு 4,050. ஆனால் 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கச் சொல்கிறது: 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, 76 முதல் 100 வரை இருந்தால் 100. அப்படிப் பார்த்தால் 30 என்பது 50 ஆகி, மாதம் 6,750 ரூபாய் வரும். இதன்மேல் அகவிலைப்படி தனி. வழக்கமான சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் கூடுதலாக வரும் தொகை இது.

இந்த முழுமையாக்கல் நோயால் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று நெடுங்காலம் மறுத்துவந்தார்கள். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஏற்கெனவே 20 அல்லது 30 சதவீதத்துக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் ஆணை) எடுத்துப் பாருங்கள். அது 50 ஆக்கப்படாமல் இருந்தால் அதற்கென்றே தனியாக மனு கொடுக்கலாம்.

எந்த விதி உங்களுக்கு?

படையை விட்டு வெளிவந்த தேதிதான் இதைத் தீர்மானிக்கும். 2008 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களுக்கு 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகள். அதன்பிறகு வந்தவர்களுக்கு 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள். பணிக்காலம் முடித்து வருபவர்களுக்குப் புதிய விதிகளில் தொகையின் பெயரே 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று மாறியிருக்கிறது. சதவீத மதிப்பீட்டுக்கான மருத்துவக் கையேடும் மாறிவிட்டது. ஆகவே 2012-ல் ஓய்வு பெற்ற அண்ணனின் அப்பீலை அப்படியே பார்த்து எழுதி, 2024-ல் வந்த தம்பி அனுப்பினால், முதல் பக்கத்திலேயே தவறான விதியைச் சொன்னதாக ஆகிவிடும். தெருவில் ஒருவருக்கு ஜெயித்த நகலை ஆளாளுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

மெடிக்கல் போர்டு தாள் இல்லாமல் எழுத உட்காராதீர்கள்

பட்டாளத்தை விட்டு வரும்போது நடந்த மெடிக்கல் போர்டின் அறிக்கை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கு அது ரிலீஸ் மெடிக்கல் போர்டு. நோய் காரணமாக இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு இன்வேலிட்மென்ட் மெடிக்கல் போர்டு. அப்பீலின் உயிர் இந்தத் தாளில்தான் இருக்கிறது. ரிஜெக்‌ஷன் லெட்டரில் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். காரணம் இங்கேதான் இருக்கும்.

கையில் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு. இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். ஆர்ட்டில்லரி என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். ஏ.எம்.சி. என்றால் லக்னோ. டி.எஸ்.சி. என்றால் கண்ணூர். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்புங்கள், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

கேட்கும்போது 'என் மெடிக்கல் பேப்பர் வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் ஏதாவது ஒரு தாள் வரும். இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை, முதன்முதலாக லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவில்) வைத்தபோது நடந்த போர்டின் அறிக்கையும் ஸ்பெஷலிஸ்ட் கருத்தும், ஒவ்வொரு மறு போர்டு அறிக்கையும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 முழுவதும், காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற இன்ஜுரி ரிப்போர்ட்டும் கோர்ட் ஆஃப் இன்குயரி நடவடிக்கைகளும். சேர்ந்த நாள் முதல் வந்த நாள் வரை எந்தெந்த ஊரில் இருந்தீர்கள், அது ஃபீல்டா (களப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி) என்று காட்டும் போஸ்டிங் விவரம்.

ஓய்வூதியமே இல்லாமல் வந்தவர்களுடைய ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு ரெக்கார்ட் ஆபீஸ்கள் அழித்துவிடுவது வழக்கம். அந்தக் காலக்கெடு நெருங்குகிறது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இந்த ஒரு கடிதத்தைப் போடுங்கள்.

அந்தத் தாளை எப்படி வாசிப்பது

படிவத்தின் கடைசிப் பகுதியில் போர்டின் கருத்து ஒரு கட்டத்துக்குள் இருக்கும். நோயின் பெயர், பணியால் ஏற்பட்டதா, பணியால் அதிகமானதா, தொடர்பே இல்லையா, காரணம் என்ன என்று பத்தி பிரித்திருப்பார்கள். அதன் கீழே சதவீதம். இங்கே பலரும் குழம்புவது ஒரு இடத்தில்: 'குறைபாடு 30 சதவீதம், ஆயுள் முழுவதும்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே 'பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு: இல்லை' என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் முரண் அல்ல. 30 சதவீதம் குறைபாடு இருப்பதை ஒத்துக்கொள்கிறார்கள், பணித்தொடர்பை மட்டும் மறுக்கிறார்கள். உங்கள் வழக்கு இப்படியானால் சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வாதாடத் தேவையில்லை. முழு பலத்தையும் தொடர்பை நிறுவுவதில் போடுங்கள்.

மாறாக, பணியால் அதிகமானது என்று ஒத்துக்கொண்டு 15 சதவீதம் என்று போட்டிருந்தால் சண்டை சதவீதத்தின் மேல். அப்போது புதிய மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும். நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இதில் கூடுதல் பிடிமானம் உண்டு. படையில் வைத்திருக்க முடியாத அளவுக்கு முடியாமல்போன ஒருவரின் குறைபாட்டை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கருத வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொரு வகை பழைய வழக்குகளில் வரும். போர்டு 'பணியால் அதிகமானது' என்று எழுதியிருக்கும், ஆனால் அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) பென்ஷன் அலுவலகம் அதை மாற்றி நிராகரித்திருக்கும். நோயாளியை நேரில் பரிசோதிக்காத ஒரு அலுவலகம், பரிசோதித்த போர்டின் கருத்தை இன்னொரு மெடிக்கல் போர்டு இல்லாமல் மாற்ற முடியாது என்பது 1993-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். வயதான முன்னாள் படைவீரர்கள் தங்கள் தாளில் இதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, காரணம் என்ற பத்தி. 'பரம்பரைக் கோளாறு', 'வாழ்க்கைமுறை நோய்', 'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது' என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று எழுதவில்லையானால் அதுவே உங்கள் முதல் வாதம்.

தொடர்பை எப்படிக் காட்டுவது

2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் எந்த நோயும் பதியப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் நோயால் வெளியேற நேர்ந்தால் அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், ஏன் கண்டுபிடிக்க முடியாது என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். இதனால்தான் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனை அறிக்கையைக் கேட்கச் சொன்னோம்.

ஆனால் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது 1982 விதிகளின் மேல் எழுந்தது. 2008 விதிகளில் வாசகம் கொஞ்சம் இறுகியிருக்கிறது. சாதாரணமாக விண்ணப்பதாரர் நிரூபிக்கத் தேவையில்லை என்பது அதிலும் உண்டு, ஆனால் ஓய்வுபெற்று 15 ஆண்டுகளுக்குப் பிறகு கோரிக்கை வைத்தால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்துவிடும். எந்த விதியானாலும், தேதியோடு கூடிய ஊர்க்கணக்குதான் அசைக்க முடியாதது.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் ஊரும் அது ஃபீல்டா பீஸா என்பதும், மூன்றாவதில் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பது. சியாச்சின், லே, குப்வாரா, வடகிழக்கு என்று போஸ்டிங் முழுவதையும் எழுதுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த நாள், முதன்முதலில் நோய் எழுதப்பட்ட நாள், கேட்டகரி இறங்கிய நாள் எல்லாவற்றையும் எதிரே குறியுங்கள். எழுதி முடித்ததும் அப்பீலின் வாதம் தானாகவே தெரியும். உயர் ரத்த அழுத்தம் ஒரு பீஸ் ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்பட்டது என்று நிராகரித்திருப்பார்கள். கணக்கைப் பார்த்தால் காஷ்மீரில் இரண்டரை ஆண்டு இருந்துவிட்டு இறங்கிய நான்காம் மாதம் என்று இருக்கும். ரத்த அழுத்தம் சோதித்துப் பார்த்த அன்றைக்குத் தொடங்குவதில்லை. கண்டுபிடித்த இடமும் தொடங்கிய இடமும் வேறு என்று அப்பீலில் எழுதுங்கள். 'கடும் மன அழுத்தம் இருந்தது' என்று பத்து வரி எழுதுவதைவிட இந்தத் தேதிகள் வலுவானவை.

ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான கையேடு ஒன்று உண்டு. 2002-ல் வந்து 2008-ல் திருத்தப்பட்ட அந்தக் கையேட்டில் ஒவ்வொரு நோய்க்கும் எப்போது பணித்தொடர்பை ஏற்கலாம் என்று இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு 43-ஆம் பத்தி. ஃபீல்ட், மிக உயரமான பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகியவற்றில் இருந்தபோது வந்திருந்தால் அதிகமானதாக ஏற்கலாம். சர்க்கரைக்கு 26. இதய நோய்க்கு 47. அதில் நெஞ்சுவலி வந்த நாளுக்கு முந்தைய 14 நாளும் என்ன டியூட்டி பார்த்தார் என்ற விவரத்தை யூனிட்டிடம் கேட்டு வாங்கி அதன் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும். பல கோப்புகளில் அந்த 14 நாள் டியூட்டி விவரம் இருக்காது, அல்லது 'வழக்கமான பணி' என்று ஒரு வரியோடு இருக்கும். இதய நோய்க்காரர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான். இரவுக் காவல், நீண்ட கான்வாய், ஃபயரிங் ரேஞ்ச், பயிற்சி முகாம் என்று அந்த இரண்டு வாரத்தில் இருந்ததை நினைவுபடுத்தி எழுதுங்கள். உடன் இருந்தவர்களின் பிரமாண வாக்குமூலம் கிடைத்தால் சேருங்கள்.

பீரங்கிப் படையில் இருந்தவர்களின் காது, பனிமலையில் இருந்தவர்களின் மூட்டும் நுரையீரலும், ஓட்டுநர்களின் முதுகு ஆகியவற்றுக்கு டிரேடே (படையில் பார்த்த வேலையே) பாதி வாதம். எத்தனை ஆண்டு அந்த வேலை பார்த்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

லீவில் நடந்த விபத்து தனிக் கதை. யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும், வீட்டிலிருந்து யூனிட்டுக்குத் திரும்பும் வழியிலும் நடந்தால் டியூட்டியில் நடந்ததாகவே கொள்ள விதியில் இடமுண்டு. காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஊருக்கு வரும் வழியில் பஸ் கவிழ்ந்தால் அந்த ரயில் டிக்கெட்டும் லீவ் சர்ட்டிபிகேட்டும் தங்கம் போன்றவை. ஊரில் இருக்கும்போது சொந்த நிலத்தில் டிராக்டரிலிருந்து விழுந்தால் நிலைமை வேறு. லீவில் இருந்தார் என்பது மட்டும் போதாது, காயத்துக்கும் படைப்பணிக்கும் தொடர்பு வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வகை வழக்குக்குக் காசு செலவழிக்குமுன் யோசியுங்கள். ஜெயிக்கும் என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள்.

முதல் அப்பீல்

ரிஜெக்‌ஷன் லெட்டர் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். கடிதம் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். வந்த தேதிக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி. கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அனுப்பலாம்: கடிதம் பழைய முகவரிக்குப் போனது, மருத்துவமனையில் இருந்தது என்று உண்மையான காரணம், அதற்கு ஒரு சான்று.

அப்பீல் போகும் இடம் ராணுவத் தலைமையகத்தில் உள்ள முதல் அப்பீல் குழு. ஆனால் உங்கள் ரெக்கார்ட் ஆபீசின் பொறுப்பு அதிகாரி வழியாகவே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு அல்லது மூன்று பக்கம் போதும். தமிழில் முதலில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றச் சொல்லுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்பவரிடம் விட்டால் உங்கள் போஸ்டிங் ஒன்றும் அதில் இருக்காது.

மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி, நோய், போர்டு போட்ட சதவீதம், ரிஜெக்‌ஷன் லெட்டரின் எண்ணும் தேதியும். பிறகு நிராகரிப்புக்கு அவர்கள் சொன்ன காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு முறை எழுதி, அதற்குக் கீழே பதில். சேரும்போது நோய் இல்லை என்ற பரிசோதனைத் தாள் இணைப்பு ஒன்று, போஸ்டிங் கணக்கு இணைப்பு இரண்டு என்று ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு தாள் கட்டாயம் இருக்கட்டும். கடைசியில் வேண்டுகோள்: நிராகரிப்பை ரத்து செய்ய வேண்டும், ஓய்வு பெற்றதற்கு மறுநாளிலிருந்து டிஸெபிலிட்டி எலிமென்ட் தர வேண்டும், சதவீதத்தை 50-க்கு முழுமையாக்க வேண்டும், தேவையானால் மறு மெடிக்கல் போர்டு நடத்த வேண்டும். முழுமையாக்கலைக் கேட்க மறந்துவிட்டு, பின்னால் அதற்கென்று இன்னொரு சுற்று அலைகிறவர்கள் அதிகம்.

அசலை அனுப்பாதீர்கள். நகலில் கையெழுத்திட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்துவிட்டது என்று இணையதளத்தில் காட்டும் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் 6 மாதம் ஆகியும் பதில் இல்லை என்று காட்ட இதுதான் வேண்டும்.

சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளின் ரிப்போர்ட்டுகளைச் சேர்க்கலாம். இன்றைய நிலை எவ்வளவு மோசம் என்பதற்கு அவை உதவும், மறு போர்டு வாங்கவும் உதவும். ஆனால் பணித்தொடர்பை அவை தீர்மானிக்காது. அரசு மருத்துவமனையில் வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 40 சதவீதம் என்று இருப்பதையும் பலர் இணைக்கிறார்கள். அந்தச் சதவீதமும் ராணுவ போர்டின் சதவீதமும் வெவ்வேறு அளவுகோல்கள். அதை வைத்து டிஸெபிலிட்டி பென்ஷன் கணக்கிட மாட்டார்கள்.

மறு மெடிக்கல் போர்டுக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மருந்துச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். டாக்டர் கேட்கும்போது கூச்சப்பட்டு 'பரவாயில்லை சார், சமாளிக்கிறேன்' என்று சொல்லாதீர்கள். பட்டாளத்துப் பழக்கத்தில் வலியை மறைத்துப் பேசுவதால் சதவீதம் குறைந்தே எழுதப்படும்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள்

ஆர்மி ரெக்கார்டில் பெயர் 'முருகன் கே' என்று இருக்கும். சித்தூர்ப் பக்கம் குடியேறி ஆதார் எடுத்தபோது அப்பா பெயரை வீட்டுப்பெயர் இடத்தில் போட்டு 'குப்பன் முருகன்' என்று ஆகியிருக்கும். ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்தில் பெயர் பொருந்தாமல் அரியர்ஸ் நின்றுபோவது இதனால்தான். அப்பீல் போடுவதற்கு முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பி.பி.ஓ.வில் உள்ள எழுத்துப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ராணுவ ரெக்கார்டை மாற்றுவதைவிட ஆதாரை மாற்றுவது சுலபம். மனைவி பெயரும் அப்படியே. குடும்பப் பென்ஷனுக்கு நாளைக்கு அதுதான் தேவைப்படும்.

மாவட்டப் பெயரும் ஒரு தொல்லை. 1989-க்கு முன் சேர்ந்தவர்களின் தாளில் 'வட ஆற்காடு' என்றுதான் இருக்கும். 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உடைந்து சத்தியவேடு போன்ற ஊர்கள் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது என்பது தலைமையகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அப்பீலில் பழைய முகவரி, இப்போதைய முகவரி இரண்டையும் எழுதி, இரண்டும் ஒரே ஊர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு முகவரியில் ஓய்வு பெற்று இப்போது பலமனேரிலோ குப்பத்திலோ இருப்பவர்கள், எந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வசிக்கும் மாவட்டத்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டால் கடிதங்கள் சரியாக வரும். நல அலுவலகம் அப்பீலை முடிவு செய்யாது. ஆனால் கடிதம் எழுத, கையெழுத்துச் சான்றளிக்க, ரெக்கார்ட் ஆபீசுக்கு நினைவூட்ட உதவுவார்கள். தெலுங்கில் பேசத் தயங்கி உள்ளே போகாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டி இந்தியில் பேசுங்கள், பட்டாளத்தில் இந்தி பேசாதவர் யார்?

இரண்டாம் அப்பீல், பிறகு தீர்ப்பாயம்

முதல் அப்பீல் நிராகரிக்கப்பட்டால் அந்தக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் இரண்டாம் அப்பீல் குழுவுக்குப் போட வேண்டும். முதல் அப்பீலை அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள். நிராகரிப்பில் புதிதாக என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து அதற்குப் பதில் எழுதுங்கள். முதல் அப்பீலோடு தீர்ப்பாயத்துக்குப் போன மனுக்களும் ஏற்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இருக்கும் வழிகளை முடித்துவிட்டு வர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வதால், இரண்டையும் முடித்துவிட்டுப் போவதே பத்திரம். அப்பீல் போட்டு 6 மாதம் பதிலே இல்லையென்றால் வழி முடிந்ததாகவே அர்த்தம். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய பெஞ்சில் மனு போடலாம். வேலூர்க்காரருக்கும் சித்தூர்க்காரருக்கும் சென்னை பெஞ்ச்தான். பாலக்காடு, பாறசாலை என்று கேரளத்தில் வசிக்கும் தமிழர்களுக்குக் கொச்சி பெஞ்ச். இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனு சேர வேண்டும். மாதாமாதம் மறுக்கப்படும் பென்ஷன் தொடரும் தவறு என்பதால் 15, 20 ஆண்டு கழித்து வந்தவர்களையும் தீர்ப்பாயம் கேட்டிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தாமதமாக வந்தவருக்கு அரியர்ஸ் பெரும்பாலும் மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். மேலே சொன்ன 6,750 ரூபாய்க் கணக்கில், ஒவ்வொரு ஆண்டு தாமதத்துக்கும் அகவிலைப்படி நீங்கலாகவே 81,000 ரூபாய் போகிறது.

நீங்களே நேரில் வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வக்கீல் வைப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி கேட்க 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டத்தையும் நல அலுவலகத்தில் கேளுங்கள். வரும் அரியர்ஸில் இத்தனை சதவீதம் கொடு என்று பேரம் பேசுகிறவரிடம் போகாதீர்கள். ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. ஏஜென்டுகளுக்கு அந்த விதிகூடக் கிடையாது. வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

உத்தரவு சாதகமாக வந்த பிறகும் வேலை இருக்கிறது. அரசு அனுமதிக் கடிதம், ரெக்கார்ட் ஆபீஸ், பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் என்று போய், திருத்திய பி.பி.ஓ. ஸ்பர்ஷில் ஏற வேண்டும். உத்தரவின் சான்றிட்ட நகலை நீங்களே ரெக்கார்ட் ஆபீசுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். உத்தரவில் கொடுத்த கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் நிறைவேற்றக் கோரி அதே பெஞ்சில் மனு போடலாம். பி.பி.ஓ. வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: தொடக்கத் தேதி, முழுமையாக்கிய சதவீதம், 'ஆயுள் முழுவதும்' என்ற சொல். மெடிக்கல் போர்டு ஆயுளுக்கும் என்று எழுதியிருக்க, பி.பி.ஓ.வில் குறிப்பிட்ட ஆண்டு வரை என்று ஏறியிருந்தால் உடனே ஸ்பர்ஷில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு ரெக்கார்ட் ஆபீசுக்கும் எழுதுங்கள்.

வழக்கு நடக்கும்போது முன்னாள் படைவீரர் இறந்துவிட்டால் மனைவி தன் பெயரைச் சேர்த்துத் தொடரலாம். இறந்த நாள் வரை சேர வேண்டிய அரியர்ஸ் மனைவிக்கு வரும். இறப்புக்குக் காரணம் அந்தப் பணித்தொடர்புள்ள நோயே என்றால் சாதாரணக் குடும்பப் பென்ஷனுக்குப் பதிலாக ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க இடமிருக்கிறது. ஆகவே இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்றிதழில் அந்த நோயின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வீட்டார் பார்த்துவிட வேண்டும்.